மார்ஃபினோடு கஞ்சாவா? சந்தேகங்களும் விளக்கங்களும்

அறுபதாம் கல்யாணத்துக்கும் எண்பதாம் கல்யாணத்துக்கும் திருக்கடையூர் வருகிறவர்கள் நீண்ட ஆயுளை வேண்டுகிறார்கள். அந்த ஆயுளில் புற்றுநோய் வலியும் வந்து சேர்ந்துவிட்டால் வீட்டில் எழும் சந்தேகங்கள் இவை.

சந்தேகம்: கஞ்சா சேர்த்தால் மார்ஃபின் கொஞ்சமே போதும் என்கிறார்களே?

விளக்கம்: அபினிலிருந்து எடுக்கும் மார்ஃபினும், கஞ்சாவிலுள்ள டிஎச்சி என்ற பொருளும் நரம்பு மண்டலத்தில் வெவ்வேறு ஏற்பிகளில் வேலை செய்து வலியைத் தணிக்கின்றன. விலங்குச் சோதனைகளில் இரண்டும் சேர்ந்தபோது குறைந்த மார்ஃபினே போதுமானதாக இருந்தது. மனிதர்களிடம் அது உறுதியாகவில்லை. ஆஸ்திரேலியாவில் அபின்வகை மருந்து எடுத்துவந்த, நாள்பட்ட வலியுள்ள சுமார் 1,500 பேரை 4 ஆண்டுகள் கவனித்தார்கள். கஞ்சாவால் அவர்களுக்கு வலியோ மருந்தின் தேவையோ குறைந்ததற்குச் சான்று இல்லை என்று 2018இல் அறிவித்தார்கள்.

சந்தேகம்: மூலிகைதானே, என்ன கெடுதல்?

விளக்கம்: மார்ஃபின், கஞ்சா இரண்டுமே மயக்கமும் தலைசுற்றலும் தருபவை. சேர்ந்தால் அவை கூடும். வயதானவர் விழுந்து இடுப்பெலும்பு முறியலாம். அபினையும் கஞ்சாவையும் மருத்துவர் மேற்பார்வையில் மட்டுமே தரவேண்டிய நச்சுப்பொருள் பட்டியலில்தான் சித்த மருந்துகளுக்கான சட்டவிதியும் வைத்திருக்கிறது. தெருவில் வாங்கும் கஞ்சாவில் வீரியம் எவ்வளவு, கலப்படம் என்ன என்பது யாருக்கும் தெரியாது. 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி அதை வைத்திருப்பதே குற்றம். ஏற்கெனவே பயன்படுத்தியிருந்தால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

சந்தேகம்: மார்ஃபின் கொடுத்தால் அப்பா அடிமையாகிவிடுவாரா?

விளக்கம்: புற்றுநோய் வலிக்கு மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன நேரத்தில் கொடுத்தால் அந்த ஆபத்து குறைவு. கடுமையான புற்றுநோய் வலிக்கு மார்ஃபினை உலக சுகாதார நிறுவனம் 1986லேயே பரிந்துரைத்தது. அது சாகும் நேரத்து மருந்து அல்ல. மலச்சிக்கல் வரும், அதற்கும் சேர்த்தே மருந்து கேளுங்கள். மாத்திரையை நீங்களாகக் கூட்டாதீர்கள், திடீரென நிறுத்தாதீர்கள். அளவு மீறினால் மூச்சு மந்தமாகும்.

சந்தேகம்: எங்கே கேட்பது?

விளக்கம்: அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகள் மார்ஃபின் வைத்திருப்பதை 2014ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் எளிதாக்கியது. திருக்கடையூர்ப் பக்கம் இருப்பவர்கள் மயிலாடுதுறை அரசு மருத்துவமனையில் வலி நிவாரண ஆதரவு சிகிச்சை பற்றி விசாரியுங்கள். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் படுக்கையிலிருப்பவர்களுக்கு இச்சிகிச்சை வீட்டுக்கே வருகிறது. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியுங்கள்.

பெற்றவர்கள் வலியில் துடிப்பதை விதி என்று விட்டுவிடாதீர்கள். கஞ்சாவைத் தேடி அலையவும் வேண்டாம். வலிக்கு மருந்து கேட்பது நோயாளியின் உரிமை, தயங்காமல் கேளுங்கள்.