சம்பளப் பட்டியலில் இருப்பவரெல்லாம் நம்மவரா?

ஓர் ஊழியர் ஐந்து வருடங்களாக நம்மிடம் நிற்கிறார் என்றால், அவருக்கு நம்மீது பற்று இருக்கிறது என்றே முதலாளிமார்களாகிய நாம் எண்ணிக்கொள்கிறோம். அது எப்போதும் சரியாக இருப்பதில்லை. இங்கிலாந்தின் முதியோர் பராமரிப்பு இல்லங்கள் இதற்கு நல்ல உதாரணம். நம் நாட்டவர்களும் அங்கு வேலைக்குப் போயிருப்பதால் இது நமக்குத் தூரத்து விடயமுமல்ல.

ஜோன் மேயர், நத்தாலி அலன் என்ற இரு ஆய்வாளர்கள் 1991இல் ஊழியரின் பற்றை மூன்றாகப் பிரித்துக் காட்டினார்கள். ஒருவர் விரும்பி இருக்கிறார். இன்னொருவர், போனால் நட்டம் என்பதால் இருக்கிறார். மூன்றாமவர், விட்டுப்போவது முறையல்ல என்று இருக்கிறார். சம்பளப் பட்டியலில் மூவரும் ஒன்றுதான். வேலையில்தான் வித்தியாசம் தெரியும்.

இங்கிலாந்தின் பராமரிப்புத் துறையில் 2022-23இல் மட்டும் 100 பேரில் சுமார் 28 பேர் தமது வேலையை விட்டார்கள். சம்பளம் சட்டம் சொல்லும் ஆகக்குறைந்த தொகையை ஒட்டியே இருக்கும். சுப்பர் மார்க்கட்டிலும் அதே சம்பளம் கிடைக்கும். பலருக்கு வாரத்துக்கு இத்தனை மணித்தியாலம் வேலை என்ற உத்தரவாதமும் கிடையாது. இரவில் இல்லத்திலேயே தூங்கி, அழைத்தால் எழும்பும் கடமையில், விழித்திருந்து வேலை செய்யும் நேரத்துக்கு மட்டுமே குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் பொருந்தும் என 2021 மார்ச்சில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆள் பற்றாக்குறையால் 2022 பெப்ரவரியில் வெளிநாட்டுப் பராமரிப்பாளர்களுக்கு வீஸா திறக்கப்பட்டது. 2025 ஜூலையில் வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பது நிறுத்தப்பட்டது. இந்த வீஸா, அனுசரணை தரும் முதலாளியோடு கட்டப்பட்டது. அந்த அனுசரணை இல்லாமல் போனால் வேறு இடம் தேடப் பொதுவாக 60 நாட்களே. கடன்பட்டுப் போனவர் எதையும் பொறுத்துக்கொண்டு இருப்பார். அதை விசுவாசம் என்று முதலாளி கணக்கெழுதினால் அவர் தன்னையே ஏமாற்றிக்கொள்கிறார்.

பராமரிப்பு வேலையில் இதன் விலையைக் கொடுப்பவர் கட்டிலில் கிடக்கும் முதியவர்தான். ஞாபக மறதியுள்ள ஒரு தாய் இன்று வழமைபோல் சாப்பிடவில்லை என்பதைக் கவனிப்பது, அவரைப் பழகி அறிந்தவர். வாரத்துக்கொரு புதுமுகம் அதைக் காணாது. ஓடியோடிக் களைத்தவரும் காணமாட்டார்.

கடமை நேரத்தை முற்கூட்டியே அறிவிப்பது, போதிய ஆட்களை வைப்பது, பயிற்சி நேரத்துக்கும் சம்பளம் கொடுப்பது, ஒரே முதியவர்களை ஒரே ஊழியரிடம் விடுவது, அவர் சொல்லும் குறையைக் காதில் வாங்குவது: விரும்பி இருக்க வைப்பவை இவைதாம். கடையிலும் நான் கண்டது இதுவே. பெருநாள் வியாபாரத்தின் ஓவர்டைம் காசை அன்றன்றே கொடுத்தால், அடுத்த பெருநாளுக்குப் பையன்களைத் தேடிப்போக வேண்டியதில்லை.

ஆகவே எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணாதீர்கள். போக வழியிருந்தும் போகாதவர் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்.