டயாட்டமுக்குள் ஒரு வளையம்

பெரணமல்லூர், ஆரணிப் பக்கத்து ஏரிகளிலும் குளங்களிலும் தண்ணீருக்குள் கிடக்கும் கல்லைத் தொட்டால் பழுப்பாக ஒரு வழுவழுப்பு கையில் ஒட்டும். அதில் பெரும்பகுதி டயாட்டம் என்னும் பாசியாக இருக்கும். ஒவ்வொன்றும் ஒரே செல். அதைச் சுற்றி ஒன்றுக்குள் ஒன்று பொருந்தும் இரண்டு சிலிக்கா ஓடுகள். உலகில் நடக்கும் ஒளிச்சேர்க்கையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இந்தச் சிற்றுயிர்களின் உழைப்பு. தென்னிந்திய டயாட்டம்களை 1939இலேயே ஜி. வெங்கட்ராமன் வகைப்படுத்தி எழுதினார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் டி. வி. தேசிகாச்சாரி 1980களில் டயாட்டம் படத்தொகுதிகளைக் கொண்டுவந்தார். ஓட்டின் வடிவத்தைப் பார்த்து இனம் பிரித்த காலம் அது.

1990களின் நடுவில்தான் ஓட்டுக்குள் புதிய மரபணுவை நுழைக்கும் வழி பிறந்தது. டிஎன்ஏ பூசிய நுண்ணிய உலோகத் துகள்களைச் செல்லுக்குள் சுட்டார்கள். உள்ளே போன டிஎன்ஏ குரோமோசோமில் கண்ட இடத்தில் ஒட்டிக்கொள்ளும். சில சமயம் நல்ல மரபணு ஒன்றின் நடுவிலேயே விழுந்து அதைக் கெடுத்துவிடும். ஒரே சோதனையில் பிழைத்த இரண்டு செல்கள்கூட ஒன்றுபோல் நடந்துகொள்ளா.

பாக்டீரியாக்களிடம் இதற்கு வேறு ஏற்பாடு உண்டு. குரோமோசோமுக்கு வெளியே தனியாக நின்று, தானே பெருகும் சிறு டிஎன்ஏ வளையம்: பிளாஸ்மிட். ஆரணித் தறிக்காரருக்கு இதைச் சட்டென்று விளக்கிவிடலாம். ஜக்கார்டு பெட்டியில் வேறு அட்டைக் கோவையை மாட்டினால், தறியைப் பிரிக்காமலே முந்தானையில் வேறு டிசைன் இறங்குகிறது அல்லவா? அதுபோல மாட்டிக் கழற்றக்கூடிய ஒன்று டயாட்டமுக்குக் கிடைக்குமா என்பதே கேள்வி.

2015இல் அமெரிக்காவின் ஜே. கிரெய்க் வென்டர் ஆய்வுக்கழகக் குழு விடை சொன்னது. ஈஸ்டிலிருந்து எடுத்த ஒரு டிஎன்ஏ துண்டைப் பிளாஸ்மிடில் சேர்த்தபோது, டயாட்டம் அந்த வளையத்தைத் தன் சொந்தக் குரோமோசோம்போலப் பாவித்துத் தலைமுறைக்குத் தலைமுறை கடத்தியது. எங்கோ இருக்கும் ஈஸ்டின் துண்டு இங்கே ஏன் எடுபட வேண்டும்? 2017இல் காரணம் தெரிந்தது. டிஎன்ஏவின் ஜி, சி எழுத்துகள் குறைந்து, ஏ, டி எழுத்துகள் மிகுந்த நீண்ட பகுதி எதுவானாலும், செல் பிரியும்போது குரோமோசோமைப் பிடித்து இழுக்கும் சென்ட்ரோமியராக டயாட்டம் அதை ஏற்றுக்கொள்கிறது. எழுத்துகளின் வரிசையைவிட அவற்றின் விகிதம் முக்கியம் என்பது எனக்கு இன்றும் வியப்பு.

வளையத்தை உள்ளே அனுப்பும் விதம் இன்னும் அழகு. பிளாஸ்மிடைச் சுமக்கும் ஈ. கோலை பாக்டீரியாவையும், ஃபியோடாக்டைலம் என்ற டயாட்டமையும் கலந்து அகார் தட்டில் பரப்பி, 30 டிகிரி சூட்டில் இருட்டில் ஒன்றரை மணி நேரம் வைக்கிறார்கள். பாக்டீரியா தானே வளையத்தின் நகலை டயாட்டமுக்குக் கைமாற்றுகிறது. பிறகு குளிர்ந்த வெளிச்சத்தில் தேற விட்டு, சியோசின் மருந்து கலந்த தட்டுக்கு மாற்றுகிறார்கள். வளையம் ஏறிய செல் மட்டும் பிழைக்கும், ஏனென்றால் அந்த மருந்தைத் தாங்கும் மரபணுவும் வளையத்திலேயே இருக்கிறது. நாட்கள் சென்றால் தட்டில் பழுப்புப் புள்ளிகள் முளைக்கின்றன.

கழற்றுவதற்கும் வழி அதே மருந்துதான்: நிறுத்திவிட்டால் போதும். வளையத்தைச் சுமக்கத் தேவையில்லாத செல்கள் அதை மெல்லத் தவறவிடுகின்றன. 2018இல் இதை வைத்தே, டிஎன்ஏவைக் குறித்த இடத்தில் வெட்டும் கிரிஸ்பர் கத்தரியைப் பிளாஸ்மிடில் அனுப்பி, வேண்டிய மரபணுவைத் திருத்தியபின் வளையத்தை வெளியேற்றிக் காட்டினார்கள். திருத்தம் செல்லில் நிலைத்தது, வெளியிலிருந்து வந்த டிஎன்ஏ அதில் மிஞ்சவில்லை.