பிளக்குக்கும் ஓர் இலக்கணம்

மாணவர்களே, உங்கள் வீட்டு இஸ்திரிப் பெட்டியின் பிளக்கைச் சாக்கெட்டிலிருந்து கழற்றிக் கையில் எடுத்துப் பாருங்கள். அதில் மூன்று முனைகள் இருக்கின்றன. மேலே உள்ள முனை மட்டும் ஏன் தடித்தும் நீண்டும் இருக்கிறது?

அதுதான் எர்த் முனை. கருவியின் உலோக உடலைப் பூமியுடன் இணைப்பது அதன் வேலை. நீளமாக இருப்பதால் செருகும்போது அது முதலில் தொடுகிறது. பிடுங்கும்போது கடைசியாக விலகுகிறது. உள்ளே கம்பி அறுந்து உடலைத் தொட்டுவிட்டால், மின்சாரம் எர்த் வழியாகப் பெருமளவில் பாயும்; ஃபியூஸ் உருகி இணைப்பு அறும். உங்கள் உயிர் தப்பும்.

இந்த வடிவம் 1934இல் வெளியான பிரிட்டிஷ் தரம் 546இலிருந்து வந்தது. பிரிட்டன் 1947இல் வேறு பிளக்குக்கு வழிவகுத்தது. நாமோ பழைய வடிவத்தையே ஐ.எஸ். 1293 என்னும் இந்தியத் தரமாக்கிக்கொண்டோம். அதில் வீடுகளுக்கு இரண்டு அளவுகள் உண்டு: 6 ஆம்பியர், 16 ஆம்பியர். 230 வோல்ட்டில் முதலாவது 1,380 வாட் வரை தாங்கும். இரண்டாவது 3,680 வாட் வரை தாங்கும். பெரிய பிளக்கின் முனைகள் தடித்தவை. சிறிய சாக்கெட்டில் நுழையா. தடிமனே இங்கே காவல்காரன்!

இனி கொருக்குப்பேட்டைப் பக்கம் வாருங்கள். துறைமுகம் நோக்கிச் செல்லும் கண்டெய்னர்களில் சிலவற்றின் ஒரு முனையில் குளிர்பதன இயந்திரம் இருக்கும். உள்ளே இறாலோ மருந்தோ இருக்கலாம். லாரி, துறைமுக முற்றம், கப்பல், அயல்நாட்டுத் துறைமுகம் என்று இடம் மாறும்போதெல்லாம் பிளக் மாறினால் சரக்கு என்னாகும்? கெட்டுப்போகும். ஆகவே உலகெங்கும் இவற்றுக்கு ஒரே 32 ஆம்பியர் பிளக்.

இந்தத் தொழிற்சாலை பிளக்கில் முனைகள் வட்டமாக நிற்கின்றன. எர்த் முனை மற்றவற்றைவிடத் தடிமன். அது நிற்கும் இடத்தைக் கடிகார மணியால் குறிப்பார்கள். சாதாரண மும்முனை மின்சாரத்துக்கு 6 மணி. குளிர் கண்டெய்னருக்கு 3 மணி. இரண்டும் சிவப்பு நிறமே. ஆனாலும் ஒன்றின் பிளக் மற்றதன் சாக்கெட்டில் நுழையாது.

இவ்வளவு யோசித்து அமைத்த காவலை, பிளக் இல்லாத கம்பியைத் தீக்குச்சியால் சாக்கெட்டில் அழுத்தியோ, எர்த் முனையை வெட்டியோ சிலர் ஒரு நொடியில் தகர்த்துவிடுகிறார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள், செய்பவரையும் தடுங்கள்.

இன்று மாலை ஒரு கணக்குப் போடுங்கள். வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவியின் வாட் அளவையும் 230ஆல் வகுத்துப் பாருங்கள். விடை 6ஐத் தாண்டுகிறதா? அந்தக் கருவி எந்தச் சாக்கெட்டில் செருகப்பட்டிருக்கிறது என்று உடனே பாருங்கள்.