ப்ளூ ஸ்கிரீன் வந்தா உடனே ஃபார்மேட் வேண்டாம், முதல்ல டிரைவரைப் பாருங்க

இந்த வாரக் கேள்வி தர்மபுரி மாவட்டம் வத்தல்மலையிலிருந்து வந்திருக்கு. கேட்டவர் காலேஜ் இரண்டாம் வருஷம் படிக்கிற ஒரு தம்பி. அவரோட அக்காவுக்கு ப்ளஸ் டூ படிக்கும்போது அரசு கொடுத்த விலையில்லா லேப்டாப்பைத்தான் இப்ப இவர் வச்சிருக்கார். "அண்ணா, ஒரு வாரமா வைஃபை கனெக்ட் ஆன அஞ்சு நிமிஷத்துல ப்ளூ ஸ்கிரீன் வந்து ரீஸ்டார்ட் ஆகுது. கடையில ஃபார்மேட் பண்ணணும்னு சொல்றாங்க. அக்காவோட டிஎன்பிஎஸ்சி நோட்ஸ் எல்லாம் அதுலதான் இருக்கு, வேற காப்பி இல்லை. பண்ணிடலாமா?"

இப்போதைக்கு வேண்டாம். 2011-ல தொடங்கின அந்தத் திட்டத்துல லட்சக்கணக்கான லேப்டாப் நம்ம வீடுகளுக்கு வந்திருக்கு. அதனால இது ஒருத்தருக்கான பதில் மட்டும் இல்லை.

ப்ளூ ஸ்கிரீன் ஏன் வருது?

வத்தல்மலைக்கு ஏறுற ரோடு முழுக்க கொண்டை ஊசி வளைவுகள். பஸ்ல பின் சீட்டுல ஒருத்தருக்கு மயக்கம் வந்தா, அவரைக் கவனிச்சுக்கிட்டே பஸ் போகலாம். ஆனா ஸ்டீயரிங் பக்கத்துல இருக்கிறவர் அதைப் பிடிச்சு இழுத்தா? அடுத்த நொடி பிரேக் போட்டே ஆகணும்.

விண்டோஸும் அப்படித்தான். குரோம், வேர்டு மாதிரி ஆப்ஸ் எல்லாம் பின் சீட்டு. ஒண்ணு கிராஷ் ஆனா அது மட்டும் மூடும். வைஃபை, கிராஃபிக்ஸ், சவுண்டு இதையெல்லாம் இயக்குற டிரைவர்கள் பெரும்பாலும் கெர்னலுக்குள்ள, அதாவது ஸ்டீயரிங் பக்கத்துல உட்கார்ந்திருக்கு. அங்க ஒரு டிரைவர் தொடக் கூடாத மெமரியைத் தொட்டா, உங்க ஃபைல்கள் கெட்டுப் போறதுக்குள்ள விண்டோஸ் எல்லாத்தையும் நிறுத்திடும். அந்த பிரேக்தான் ப்ளூ ஸ்கிரீன்.

இதோட பெரிய உதாரணம் 2024 ஜூலை 19. கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தோட பாதுகாப்பு சாஃப்ட்வேருக்கு ஒரு தப்பான அப்டேட் ஃபைல் போச்சு. கெர்னலுக்குள்ள இருந்த அதோட டிரைவர் அதைப் படிச்சதும் உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர் படுத்துடுச்சு. இந்தியாவுல சில விமான நிலையங்கள்ல போர்டிங் பாஸையே கையால எழுதிக் கொடுத்தாங்க. சரி பண்ணினது எப்படி தெரியுமா? பல இடங்கள்ல சேஃப் மோடுக்குப் போய், அந்த ஃபைலை மட்டும் அழிச்சாங்க. அதுக்கு ஃபார்மேட் தேவைப்படலை.

முதல் வேலை: பேரைப் பிடிக்கிறது

ப்ளூ ஸ்கிரீன் வந்ததும் போன்ல போட்டோ எடுங்க. அதுல ரெண்டு விஷயம் முக்கியம். ஒண்ணு, ஸ்டாப் கோட். இன்னொண்ணு, சில சமயம் கீழே "வாட் ஃபெயில்டு"ன்னு வர்ற ஃபைல் பேர். 'என்வி'ன்னு தொடங்கினா பெரும்பாலும் என்விடியா கிராஃபிக்ஸ், 'ஐஜிடி'ன்னா இன்டெல் கிராஃபிக்ஸ், 'ஆர்டி'ன்னா பெரும்பாலும் ரியல்டெக் வைஃபை, லேன் இல்லைன்னா சவுண்டு. விண்டோஸ் 11-ல 2025-லிருந்து இந்த ஸ்கிரீன் கருப்பா மாறிட்டு வருது. வழி அதேதான்.

போட்டோ எடுக்க முடியலையா? ஸ்டார்ட் மெனுவுல 'ரிலையபிலிட்டி'ன்னு ஆங்கிலத்துல டைப் பண்ணி, 'வியூ ரிலையபிலிட்டி ஹிஸ்டரி'யைத் திறங்க. விண்டோஸோடவே வர்ற வசதி, நெட் வேண்டாம். கிராஷ் ஆன நாள்கள்ல சிவப்புக் குறி இருக்கும். முதல் சிவப்புக் குறிக்கு முன்னாடி என்ன அப்டேட் ஏறியிருக்குன்னு பாருங்க. நம்ம தம்பிக்கு அதுக்கு முந்தின நாள் ஒரு வைஃபை டிரைவர் அப்டேட் ஏறியிருந்தது.

அடுத்தது: பழைய டிரைவருக்குத் திரும்புறது

முதல்ல ஏர்பிளேன் மோட் போட்டு வைஃபையை நிறுத்தச் சொன்னேன். லேப்டாப் நிலையா நின்னுது. உடனே அக்காவோட நோட்ஸை பென் டிரைவுல காப்பி எடுக்க வச்சேன். இதைச் செய்யாம எதையும் தொடாதீங்க.

அப்புறம் ஸ்டார்ட் பட்டன்ல ரைட் கிளிக், டிவைஸ் மேனேஜர். அதுல நெட்வொர்க் அடாப்டர்ஸ், வைஃபை கருவி மேல ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், டிரைவர் டேப், 'ரோல் பேக் டிரைவர்'. தம்பிக்கு அந்த பட்டன் மங்கலா இருந்தது, அழுத்த முடியலை. அப்படி இருந்தா 'அப்டேட் டிரைவர்' போய், 'பிரவுஸ் மை கம்ப்யூட்டர்', அதுக்குள்ள 'லெட் மீ பிக்' எடுங்க. ஏற்கெனவே கம்ப்யூட்டர்ல இருக்கிற பழைய வெர்ஷன் இருந்தா பட்டியல்ல வரும். தேதி பார்த்துப் பழையதைத் தேர்ந்தெடுத்தார். ரீஸ்டார்ட் பண்ணி வைஃபையை ஆன் பண்ணதும் கிராஷ் நின்னுடுச்சு.

விண்டோஸ் அப்டேட் அதே புது டிரைவரை மறுபடி ஏத்தலாம். அதைத் தடுக்க 'டிவைஸ் இன்ஸ்டலேஷன் செட்டிங்ஸ்'னு தேடி, 'நோ' கொடுத்து சேவ் பண்ணுங்க.

விண்டோஸே திறக்கலைன்னா? ஆன் ஆகும்போது பவர் பட்டனை அழுத்திப் பிடிச்சு ஆஃப் பண்ணுங்க. ரெண்டு மூணு தடவை இப்படிச் செஞ்சா ரிப்பேர் ஸ்கிரீன் வரும். டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட், அப்புறம் 4 அழுத்தினா சேஃப் மோட். அங்கேயும் டிவைஸ் மேனேஜர் இருக்கு. பிட்லாக்கர் போட்டிருந்தா ரெகவரி கீ கேட்கும், அதைக் கையில வச்சுக்கிட்டு இறங்குங்க.

பண்ணக் கூடாதது

"எல்லா டிரைவரையும் ஒரே கிளிக்ல அப்டேட் பண்றோம்"னு விளம்பரம் பண்ற சாஃப்ட்வேர் பக்கம் போகாதீங்க. பழைய லேப்டாப்புக்குப் புது டிரைவர்தான் நல்லதுன்னு எந்தக் கட்டாயமும் இல்லை. டிரைவர் வேணும்னா லேப்டாப் கம்பெனியோட சப்போர்ட் பக்கத்துல மாடல் நம்பர் போட்டு எடுங்க.

டிரைவர் இல்லைன்னா?

ஒவ்வொரு கிராஷுக்கும் வேற வேற பேர், வேற வேற கோட் வந்தா ரேமைச் சந்தேகப்படுங்க. 'விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்'னு தேடி ஓட விடுங்க. 'என்டிஓஎஸ்கெர்னல்'னு வந்தா அதுதான் காரணம்னு முடிவு பண்ணாதீங்க. அது விண்டோஸோட கெர்னல், பெரும்பாலும் தப்பு வேற இடத்துல இருக்கும்.

கடைக்குப் போறது தப்பில்லை. ஆனா போறப்போ ஸ்டாப் கோட் போட்டோவும், டேட்டா காப்பியும் உங்க கையில இருக்கட்டும். "ஃபார்மேட் பண்ணணும்"னு சொன்னா, "எந்த டிரைவர் கிராஷ் ஆகுதுன்னு பார்த்தீங்களா?"ன்னு ஒரே ஒரு கேள்வி கேளுங்க. பதில் இல்லைன்னா லேப்டாப்பைத் திரும்ப வாங்கிட்டு வந்துடுங்க.