மூளையைத் தொடும் வைரஸ்: தரமணியும் தாம்பரமும் கண்டவை

எச்.ஐ.வி. தொற்றிய சில வாரங்களிலேயே மூளையை எட்டிவிடுகிறது. ரத்தத்தில் ஓடும் வெள்ளணுக்களில் சில, மூளையின் ரத்தக்குழாய்த் தடுப்பைத் தாண்டும்போது வைரஸையும் உடன் கொண்டுபோகின்றன. உள்ளே நுழைந்த வைரஸ் நரம்பு செல்களை நேரடியாகத் தாக்குவதில்லை. அவற்றைப் பராமரிக்கும் மைக்ரோகிளியா செல்களில் குடியேறுகிறது. அந்தச் செல்கள் கக்கும் அழற்சிப் பொருள்களும், 'டாட்', 'ஜிபி120' என்னும் வைரஸ் புரதங்களும் அக்கம்பக்கத்து நரம்பு செல்களை மெல்ல நலிவடையச் செய்கின்றன.

இதன் விளைவு, முதுமையில் வரும் அல்சைமர் மறதியிலிருந்து வேறுபட்டது. அல்சைமரில் அண்மை நினைவுகள் முதலில் அழியும். எச்.ஐ.வி. உண்டாக்கும் பாதிப்பில் முதலில் குறைவது வேகம். பேச்சு தாமதிக்கும், கவனம் நிற்காது, கை விரல்கள் மந்தமாகும், நடை தடுமாறும். அதுவும் முப்பது, நாற்பது வயதில். குடும்பத்தார் இதைச் சோம்பல் என்றோ மனச்சோர்வு என்றோதான் எடுத்துக்கொள்கிறார்கள். கூட்டு மருந்துச் சிகிச்சை வருவதற்கு முன்பு, முற்றிய எய்ட்ஸ் நோயாளிகளில் ஆறில் ஒருவர் அளவுக்கு டிமென்ஷியா என்னும் அறிவாற்றல் சிதைவு வரை போனார்கள்.

இந்தியாவில் இந்த ஆராய்ச்சிக்கு முக்கியமான களம் தென் சென்னை. சென்னையின் எச்.ஐ.வி. ஆராய்ச்சி தொடங்கியது 1986இல். சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்த டாக்டர் சுனிதி சாலமன், தம் முதுநிலை மாணவி செல்லப்பன் நிர்மலாவிடம் ஓர் ஆய்வுத் தலைப்பைக் கொடுத்தார்: பாலியல் தொழிலாளர்களின் ரத்தத்தில் எச்.ஐ.வி. இருக்கிறதா? அது மேலைநாட்டு நோய், இங்கே வராது என்று மருத்துவர்களே நம்பிய காலம். காப்பகத்தில் இருந்த பெண்களிடம் நிர்மலா ரத்த மாதிரிகள் சேகரித்து, வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைத்திருந்து, இரவு ரயிலில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு எடுத்துச் சென்றார். ஆறு மாதிரிகளில் தொற்று இருந்தது. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது தெரியவந்தது அப்போதுதான். அந்த ஆண்டு மே மாதம் அன்றைய சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே சட்டமன்றத்தில் அதை அறிவித்தார்.

1993இல் சுனிதி சாலமன் தம் தந்தையின் பெயரில் ஒய்.ஆர்.ஜி. கேர் மையத்தைத் தொடங்கினார். பின்னாளில் அது தரமணி வி.எச்.எஸ். மருத்துவமனை வளாகத்தில் இயங்கியது. மற்ற இடங்களில் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் அங்கே வந்தார்கள். சிகிச்சையும் ஆலோசனையும் ஆராய்ச்சியும் ஒரே கூரையின் கீழ் நடந்தன. அந்த மையத்தின் பெருமை இதுதான்: ஆய்வுக்கு ஆள் தேடி அலையவில்லை, நம்பி வந்த நோயாளிகளின் வாழ்க்கையிலிருந்தே ஆய்வுக் கேள்விகள் பிறந்தன.

அவற்றுள் ஒன்று மூளை பற்றியது. மேலைநாடுகளில் பரவியது எச்.ஐ.வி.யின் 'பி' வகை. இந்தியாவில் மிகுந்திருப்பது 'சி' வகை. 'சி' வகையின் டாட் புரதத்தில், 31ஆம் இடத்தில் இருக்க வேண்டிய சிஸ்டீன் என்னும் அமினோ அமிலம் மாறியிருக்கிறது. அதனால் அழற்சி செல்களைத் தன்பால் ஈர்க்கும் ஆற்றல் அதற்குக் குறைவு என்று பெங்களூரு ஜவஹர்லால் நேரு உயராய்வு மையத்தின் உதயகுமார் ரங்கா குழு 2004இல் காட்டியது. இந்திய நோயாளிகளின் மூளை தப்பிக்கும் என்ற நம்பிக்கைக்கு இது வலுவூட்டியது. இரண்டே ஆண்டுகளில் ஒய்.ஆர்.ஜி. கேர் மருத்துவர்கள் அமெரிக்க நரம்பியல் உளவியலாளர்களுடன் சேர்ந்து அந்த நம்பிக்கையைச் சோதித்தார்கள். சிகிச்சை தொடங்காத, நோய் முற்றிய 30 பேரையும், தொற்று இல்லாத 30 பேரையும் ஒப்பிட்டார்கள். நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு அறிதிறனில் தெளிவான குறை இருந்தது. சிறிய ஆய்வுதான். ஆனாலும் 'சி' வகை மூளையை விட்டுவைக்கும் என்ற ஆறுதலுக்கு அதன் பிறகு இடமில்லாமல் போயிற்று. பெங்களூரு நிம்ஹான்ஸ் ஆய்வாளர்கள் அடுத்த ஆண்டு வெளியிட்ட முடிவும் அதே திசையில் இருந்தது.

ஊசிவழி போதையை ஒய்.ஆர்.ஜி. கேர் கையில் எடுத்தது இன்னும் துணிச்சலான செயல். தமிழ்நாட்டில் எச்.ஐ.வி. என்றதும் லாரி ஓட்டுநர்களும் நெடுஞ்சாலைகளும்தான் நினைவுக்கு வந்தன. ஊசி மணிப்பூரின் பிரச்சினை என்று கருதப்பட்டது. சென்னையிலோ எண்பதுகளில் பிரவுன் சுகர் என்னும் ஹெராயின் புகைத்தவர்கள் பலர் பின்னர் பியூப்ரினார்ஃபின் ஊசிக்கு மாறியிருந்தார்கள். வலி நீக்கும் இந்த மருந்தைத் தூக்க மருந்துகளோடும் அலர்ஜி மருந்துகளோடும் கலந்து, ஒரே ஊசியைப் பலர் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டார்கள். 2005-06இல் ஒய்.ஆர்.ஜி. கேர் இப்படிப்பட்ட 1,158 பேரைச் சேர்த்து நீண்டகால ஆய்வைத் தொடங்கியது. சுனிதியின் மகனும் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத் தொற்றுநோயியலாளருமான சுனில் சுஹாஸ் சாலமன் இதில் முக்கியப் பங்காற்றினார். ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு எச்.ஐ.வி. இருந்தது. ஹெபடைடிஸ் சி அதைவிடப் பரவலாக இருந்தது. தொடர்ந்து கவனித்தபோது, இறந்தவர்களில் அதிகம் பேரைக் கொன்றது எய்ட்ஸ் அல்ல, அளவு மீறிய போதை மருந்து என்று தெரிந்தது.

போதையும் வைரஸும் ஒரே மூளையில் சேரும்போது நடப்பதைப் பிரித்தறிவது கடினம். ஓபியம் வகை மருந்துகள் டாட் புரதத்தின் நச்சுத்தன்மையைக் கூட்டுவதாக ஆய்வகச் சோதனைகள் காட்டுகின்றன. மருந்து அளவு மீறி மூச்சு தடைப்படும் ஒவ்வொரு முறையும் மூளை பிராணவாயு இல்லாமல் தவிக்கிறது. ஹெபடைடிஸ் சி தன் பங்குக்கு மூளையை மந்தமாக்கும். தலைக்காயம், பட்டினி, குடி எல்லாம் இதனுடன் சேர்கின்றன. எண்பதுகளில் ஹெராயின் ஊசியால் எச்.ஐ.வி. பரவிய எடின்பரோவில், ஜீன் பெல் என்ற நரம்பு நோயியல் ஆய்வாளரின் குழு இறந்தவர்களின் மூளைகளைச் சேமித்து ஆராய்ந்தது. எச்.ஐ.வி. இல்லாத இளம் போதைப் பழக்கத்தாரிடமும் அல்சைமரில் காணப்படும் டாவ் புரதப் படிவுகள் வயதுக்கு மீறி இருந்ததாக 2010இல் அக்குழு தெரிவித்தது. அப்படியானால், ஊசி கடத்தும் வைரஸ் மட்டுமல்ல, ஊசிக்குள் இருக்கும் மருந்தும் மூளைக்குத் தீங்குதான்.

ஊசிவழி போதைப் பழக்கத்தாருக்கான சிகிச்சையிலும் அதே பியூப்ரினார்ஃபின் வருகிறது. மருத்துவர் கண்காணிப்பில் நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையாகக் கொடுத்தால் ஊசியை விடவைக்கிறது, எச்.ஐ.வி. மாத்திரைகளை ஒழுங்காகச் சாப்பிடும் நிலைக்கும் கொண்டுவருகிறது. போதைக்குப் போதையா என்று இதை எதிர்ப்பவர்கள் இன்றும் உண்டு. உயிரைக் காக்கும் வழி என்று உலகெங்கும் நிறுவப்பட்ட ஒன்றை அந்தக் கேள்வியால் தள்ளிவிடக் கூடாது.

தாம்பரம் சானடோரியத்தின் வரலாறு வேறு. 1928இல் டாக்டர் சௌரி முத்து காசநோயாளிகளுக்காகத் தொடங்கி, 1937இல் அரசு ஏற்ற மருத்துவமனை அது. எச்.ஐ.வி.யும் காசநோயும் சேர்ந்தே வருவதால், தொண்ணூறுகளில் எய்ட்ஸ் நோயாளிகள் அங்கே குவிந்தார்கள். ஆந்திராவிலிருந்தும் வந்தார்கள். நாட்டின் மிகப் பெரிய எச்.ஐ.வி. சிகிச்சை மையங்களில் ஒன்றாக அது வளர்ந்தது. 2004 ஏப்ரல் 1 அன்று மத்திய அரசு இலவசக் கூட்டு மருந்துத் திட்டத்தை எட்டு மருத்துவமனைகளில் தொடங்கியபோது அவற்றில் தாம்பரமும் ஒன்று.

இப்படிப்பட்ட வார்டில், குழம்பிப் பேசும் நோயாளியை உடனே டிமென்ஷியா என்று முடிவுகட்ட முடியாது. காசநோய் மூளைக்காய்ச்சல், கிரிப்டோகாக்கஸ் பூஞ்சைத் தொற்று, டாக்ஸோபிளாஸ்மோசிஸ் ஆகிய மூன்றும் இதே குழப்பத்தைத் தரும். மூன்றுக்கும் மருந்து உண்டு. அவற்றை விலக்கிய பிறகே வைரஸின் மீது பழி போட வேண்டும்.

எச்.ஐ.வி. உண்டாக்கும் அறிதிறன் பாதிப்பைக் கண்டறிய எளிய வழி ஒன்று 2005 முதலே இருக்கிறது: சர்வதேச எச்.ஐ.வி. டிமென்ஷியா அளவுகோல். நான்கு சொற்களைச் சொல்லி நினைவில் வைக்கச் சொல்வார்கள். பிறகு கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் ஐந்து விநாடி வேகமாகத் தட்டச் சொல்வார்கள். அடுத்து மேசைமேல் கையை முஷ்டியாகவும், விரித்த உள்ளங்கையாகவும், பக்கவாட்டிலும் மாற்றி மாற்றி வைக்கச் செய்வார்கள். கடைசியாக அந்த நான்கு சொற்களைக் கேட்பார்கள். மொத்த மதிப்பெண் 12. பத்தோ அதற்குக் குறைவோ என்றால் மேற்கொண்டு பரிசோதனை தேவை. எழுதப் படிக்கத் தெரிய வேண்டியதில்லை. செவிலியரே சில நிமிடங்களில் செய்துவிடலாம். லேசான பாதிப்பை இது தவறவிடக்கூடும் என்பது உண்மைதான். ஆனால் கேட்காமலே விடுவதைவிட இது பல மடங்கு மேல்.

கூட்டு மருந்து வந்த பிறகு கடுமையான டிமென்ஷியா அரிதாகிவிட்டது. 1,500க்கும் மேற்பட்டவர்களைப் பரிசோதித்து 2010இல் வெளியான அமெரிக்க ஆய்வில் அது ஏறக்குறைய 2 சதவீதம்தான். ஆனால் லேசான அறிதிறன் குறை கிட்டத்தட்ட பாதிப்பேரிடம் இருந்தது. வேலையில் தவறு, மாத்திரை நேரம் மறப்பது என்று அது தெரியவரும். மாத்திரை மறந்தால் வைரஸ் பெருகும். வைரஸ் பெருகினால் மறதி கூடும்.

சுனிதி சாலமன் 2015 ஜூலையில் மறைந்தார். 2017இல் மறைவுக்குப் பின் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. அவருடைய மையம் மூளை பற்றி எழுப்பிய கேள்வியை ஒவ்வொரு ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி. கூட்டு மருந்துச் சிகிச்சை) மையமும் ஆண்டுக்கு ஒருமுறையாவது ஒவ்வொரு நோயாளியிடமும் கேட்க வேண்டும். எச்.ஐ.வி. உள்ள ஒருவர் திடீரென்று மந்தமாகவோ மறதியாகவோ மாறினால் வீட்டார் அதைக் குணக்கேடு என்று ஒதுக்காமல் மருத்துவரிடம் சொல்லட்டும். எச்.ஐ.வி. பற்றிய ஐயங்களுக்கு 1097 என்ற எண்ணையும், போதைப் பழக்கத்திலிருந்து மீள 14446 என்ற எண்ணையும் கட்டணமின்றி அழைக்கலாம்.