சுண்டுவிரல் மையும் ஒரு கோடிப் புகாரும்

மியான்மரில் 2020 நவம்பர் 8 அன்று நடந்த பொதுத்தேர்தலில், ஆங் சான் சூகியின் தேசிய ஜனநாயக லீக் போட்டி நடந்த 476 இடங்களில் 396-ஐ அள்ளியது. ராணுவத்தின் ஆதரவு பெற்ற கட்சிக்குக் கிடைத்தவை 33. அதன்பின் ராணுவம் முறைகேட்டுக் கணக்கைக் கையில் எடுத்தது. ஜனவரி முடிவதற்குள் அந்தக் கணக்கு ஒரு கோடியைத் தாண்டிவிட்டது.

எண் மலைக்க வைக்கிறது. ஆனால் எதை எண்ணினார்கள்? ஒரே பெயர் இரண்டு இடத்தில் இருப்பது, அடையாள அட்டை எண் விடுபட்டிருப்பது போன்றவற்றை. இவை பட்டியலின் கோளாறுகள். பெயர் இருமுறை இருந்துவிட்டால் ஓட்டும் இருமுறை விழுந்துவிடாது. அங்கே ஓட்டுப் போட வருபவர் சுண்டுவிரலை மைப்புட்டியில் முக்கி எடுக்க வேண்டும். கழுவினால் போகிற மை அல்ல அது. இன்னொரு சாவடிக்குப் போனால் விரலே காட்டிக் கொடுத்துவிடும். முடிவின் நம்பகத்தன்மையைக் குலைக்கும் அளவுக்குத் தவறு நடக்கவில்லை என்று ஜனவரி 28 அன்று தேர்தல் ஆணையம் சொன்னது. மக்களின் விருப்பம்தான் முடிவாக வந்திருக்கிறது என்றே பார்வையாளர்களும் சொன்னார்கள்.

அந்தத் தேர்தல் குறையில்லாதது என்று நான் சொல்லமாட்டேன். ரோஹிங்கியா மக்களுக்கு ஓட்டே இல்லை. ரக்கைன் மாநிலத்தின் பல பகுதிகளில் வாக்குப்பதிவு ரத்து செய்யப்பட்டது. கூடுதலாக இருந்த பெயர்களைத் தேடித்தேடி எண்ணிய ராணுவம், ரோஹிங்கியாக்களின் விடுபட்ட பெயர்களை எண்ணவே இல்லை. இந்த ஓர் இடத்திலேயே அதன் அக்கறை எதில் என்பது வெளிச்சமாகிவிடுகிறது.

பிப்ரவரி 1, புதிய நாடாளுமன்றம் கூட வேண்டிய நாள். விடிவதற்குள் சூகியையும் அதிபர் வின் மின்ட்டையும் பிடித்துவிட்டார்கள். தலைநகர் நேபிடாவில் நாடாளுமன்றத்துக்குப் போகும் சாலையில் ஓர் உடற்பயிற்சி ஆசிரியை ஆடியபடி காணொளி எடுத்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் கறுப்பு வண்டிகள் வரிசையாகப் போவதை உலகமே பிறகு பார்த்தது.

2008-ல் ராணுவமே எழுதிக்கொண்ட அரசியல் சட்டப்படி, நாடாளுமன்றத்தில் 25 சதவீத இடம் சீருடைக்காரர்களுக்கு. உள்துறை, பாதுகாப்பு, எல்லை விவகாரம் மூன்றும் தலைமைத் தளபதி கைகாட்டும் ஆட்களுக்கு. ஆனால் நெருக்கடி நிலையை அறிவிக்கும் அதிகாரம் அதிபரிடம்தான் இருந்தது. அதிபரைக் கைது செய்தார்கள். ராணுவத்தின் தேர்வான துணை அதிபர் மின்ட் ஸ்வே தற்காலிக அதிபரானார், நெருக்கடி நிலை அறிவிப்பில் கையெழுத்திட்டார், ஆட்சியைத் தளபதி மின் ஆங் லைங்கிடம் ஒப்படைத்தார். அந்த ஜூலையில் 65 வயது நிறைந்து ஓய்வுபெற வேண்டியவர் அவர். வழக்குப் போட்டவரே நீதிபதி நாற்காலியில் ஏறி உட்கார்ந்ததை எந்தப் பிரிவின் பெயரால் நியாயப்படுத்தினாலும் ஏற்க முடியாது. இதே கட்சி 1990-ல் வென்றபோது ராணுவம் ஆட்சியை ஒப்படைக்கவே இல்லை என்பதையும் மறந்துவிடக் கூடாது.

ஆட்சி பறிக்கப்பட்ட அதே ஆண்டின் ஜூலையில், ராணுவம் நியமித்த புதிய தேர்தல் ஆணையம் முடிவையே செல்லாததாக்கியது. மறுபதிவு செய்யவில்லை என்று 2023 மார்ச்சில் தேசிய ஜனநாயக லீக் கலைக்கப்பட்டது. 2025 டிசம்பரில் ராணுவ ஆட்சி தேர்தல் நடத்தியபோது, அந்தக் கட்சியின் பெயர் வாக்குச்சீட்டிலேயே இல்லை.