பாம்பு முட்டையும் ஈரமும்

பந்திப்பூர்க் காட்டையடுத்த குண்டலுபேட்டை வட்டாரத்தில் நல்லபாம்பு கறையான் புற்றிலும் எலி வளையிலும் முட்டையிடுகிறது. அவை பொரியச் சுமார் 60 நாட்களாகும். கோழிமுட்டையின் ஓடு கடினமானது. பாம்புமுட்டையின் ஓடோ தோல்போன்றது. அது சுற்றிலுமுள்ள ஈரத்தை உறிஞ்சிப் பருக்கிறது. ஈரம் வற்றினால் முட்டை குழிந்து, கரு மடியும். நீர் தேங்கினால் கரு மூச்சடைத்து அழியும். புற்றின் உட்புறமோ வறளாமலும் நனையாமலும் இருக்கும்.

மண் வெட்டுகையில் முட்டைகள் வெளிப்பட்டால் தொடலாகாது, தாய்ப்பாம்பு காவலிருக்கக்கூடும். வேலையை நிறுத்தி, விலகி நின்று, வனத்துறைக்கு அறிவித்தல் வேண்டும். பயிற்சி பெற்றோர் முட்டைகளைப் புரட்டாமல் எடுத்து, பிழிந்தால் நீர் சொட்டாத அளவு நனைத்த தேங்காய் நார்த்தூளில் பதித்து, மூடிய பெட்டியில் வைப்பர்.

வீட்டில் பொரிக்க முயலுதல் குற்றமாகும். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பாம்பின் முட்டையும் விலங்கேயாம்.